வேணும்னுதான் போட்டேன்

பழங்காநத்தம் ரவுண்டானாவில் அந்த அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவள் ஒரு ஆளைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் குனிந்து கழற்றவில்லை. வலது காலை ஓர் உதறு உதறினாள். செருப்பு முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. கையில் பிடித்து அப்படியே அவன் கன்னத்தில் இறக்கினாள். அடி வாங்கியவன் பெயின்டர். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. "என்னக்கா, இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீக?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

"எவடா இடுப்பப் புடிச்சா? நீ பாத்தியா? பாத்தியாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.

எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அந்த ரவுண்டானாவில் கொஞ்ச காலம் நின்று பழகிய பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிந்தது.

காலையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்போம். கொத்தனார்கள் கரண்டிப் பையோடும், சித்தாள்கள் தலைக்குச் சும்மாடும் தூக்குச்சட்டியுமாகவும். மேஸ்திரிகள் பைக்கிலும் குட்டி வண்டியிலும் வந்து ஆள் பிடிப்பார்கள். அவர்கள் பார்வை முகத்தில் நிற்காது. தோளைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், நிற்கிற தினுசைப் பார்ப்பார்கள். அதனால் அங்கே நிற்கிற எல்லாருமே எதையாவது மறைத்துக்கொண்டுதான் நிற்போம். நரைத்தவர்கள் மை அடித்துக்கொண்டு வருவார்கள். மூச்சிரைப்பு உள்ளவர் டீக்கடைக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வருவார். முழங்கால் போனவர்கள் குத்தவைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தியைப் பார்த்து இடுப்பு வலியா என்று சத்தமாகக் கேட்பது அன்றைய கூலியில் கை வைப்பது. அதற்கு அக்கா கொடுத்த பதில்தான் அந்தச் செருப்படி.

பிறகு நாங்கள் இருவரும் ஒரே மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தோம். அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பாள். புருஷன் எங்கேயோ போய்விட்டான். ஒரே மகள் பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியை அக்கா "அண்ணே" என்பாள், கோபம் வந்தால் "என்னய்யா" என்பாள், ரொம்பக் கோபம் வந்தால் "டா"தான். அவரும் சளைத்தவரல்ல. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் சனிக்கிழமை கூலியை ஒருநாளும் தள்ளிப் போடாதவர்.

அக்கா மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டே சாப்பிடுவாள். "உக்காந்தா தூக்கம் வரும், நிக்கிறவளுக்குத்தான் சோறு செமிக்கும்" என்பாள். தும்மல் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூணைப் பிடித்துக்கொள்வாள். தும்மி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தூணை விடமாட்டாள். அந்த நேரத்தில் யாராவது பார்த்துவிட்டால் போச்சு. கல்லோ கட்டையோ பறந்து வரும்.

அவள் கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. சட்டி கீழே கிடந்தால், "எவடி இவ சட்டிய நடுவழில போட்டவ? எடுடி!" என்று கத்துவாள். கத்திய கத்தில் பக்கத்தில் இருப்பவள் நடுங்கி ஓடிவந்து எடுத்துக் கையில் கொடுப்பாள். மம்பட்டி வேண்டுமென்றால் அதைக் காலால் ஒரு எத்து எத்துவாள். சத்தம் கேட்டு யாராவது "ஏக்கா எத்துற" என்று எடுத்து நிமிர்த்தி வைப்பார்கள். எல்லாக் கோபமும் குனிய வேண்டிய இடத்தில்தான் ஆரம்பித்தது. தலையில் எத்தனை கனம் ஏற்றினாலும் அக்கா நெட்டுக்குத்தாக நடந்துவிடுவாள். செங்கல்லை அடுக்கி ஏற்றினால் ஆடாமல் அசையாமல் மூன்றாவது மாடிக்குப் போவாள். சுமப்பது அவளுக்கு ஒன்றுமில்லை. குனிவதும் திரும்புவதும்தான் அவளைக் கொன்றன.

ஒருமுறை பாதி எழும்பிய சுவருக்குப் பின்னால் தண்ணீர் எடுக்கப் போனேன். அக்கா ஒரு தூணைக் கட்டிப்பிடித்து நின்றாள். கூட வந்த சித்தாள் ஒருத்தி பழைய வேட்டித் துணியை அவள் இடுப்பில் சுற்றி, ஒரு காலைத் தூணில் உதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்து முடிச்சுப் போட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் இழு. செத்தா போயிருவேன்? இழுடி" என்றாள். முடிச்சு விழுந்ததும் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். அருகில் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் திருகினாள். எனக்கு மூச்சு முட்டியது.

"தம்பி, நீ ஒன்னும் பாக்கல."

"பாக்கலக்கா."

"பாத்தேன்னு எவன்கிட்டயாவது சொன்ன, ஒன் பல்லு ஒன் கையில இருக்கும்."

அந்த வலி எப்படி வந்தது என்பதற்கு அவளிடம் மூன்று கதைகள் இருந்தன. நல்ல மனநிலையில் இருக்கும்போது யாராவது பக்குவமாகக் கேட்டால் சொல்வாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் படியிலிருந்து எத்திவிட்டான், பிள்ளை பிறந்த பிறகு உலக்கையால் அவன் கையை முறித்தேன் என்பாள். அதுவே இன்னொருத்தியிடம், திருமங்கலம் பக்கம் ஒரு மில் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தேன், மறுநாளே வேலைக்கு வந்தேன் என்பாள். என்னிடம் சொன்னபோது, "எங்கிட்டும் விழல தம்பி. தூக்குனது அம்புட்டும் சேந்துருச்சு" என்றாள். நான் மூன்றையும் நம்பினேன். இரண்டாவது தடவை கேட்டவர்களுக்கு அடிதான் கிடைத்தது.

ஒரு மாடி வீட்டு வேலை பழங்காநத்தத்திலேயே ஒரு சந்துக்குள் நடந்தது. தளம் போடுவதற்கு முந்தின நாள் மேஸ்திரி ஆட்களை வகுத்தார். சந்து குறுகல் என்பதால் கலவையை மேலே ஏற்றுகிற பெரிய இயந்திரம் உள்ளே வராது. கீழே சின்ன மிக்சரில் கலக்கியதைச் சட்டியில் அள்ளி, சாரத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்ற வேண்டும். அக்காவைச் சாரத்தின் நடுத்தட்டில் நிற்கச் சொன்னார்.

"நான் தலைச்சுமையா படியில ஏத்துறேண்ணே. எத்தன நடை வேணும்னாலும் போறேன்."

"படியே போடல இன்னும். எந்தப் படியில ஏறுவ? சாரத்துல நில்லுத்தா."

"சாரத்துல நிக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வராத."

கீழே ஒரு பக்கம் வாங்கி மேலே மறுபக்கம் திரும்பிக் கொடுக்கிற வேலை. ஒவ்வொரு சட்டிக்கும் இடுப்பைத் திருக வேண்டும். அது அவளால் முடியாது என்பது மேஸ்திரிக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொல்லாமல் என்ன செய்தாள் என்றால், எல்லார் முன்னாலும் அவர் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கி மணலில் எறிந்தாள். "நிக்கிறேன்டா. சட்டியத் தூக்கி ஒன் தலையில போடுறேனா இல்லையா பாரு" என்றாள். மேஸ்திரி அவளை ஓர் அறை அறைந்தார். அவள் திருப்பி அறைந்தாள். நாங்கள் விலக்கிவிட்டோம்.

மறுநாள் வந்து நின்றாள். அவள் நின்ற தட்டுக்கு மேல்தட்டில் நான். அவள் கொடுக்கிற சட்டியை நான் வாங்கித் தளத்துக்குத் தள்ள வேண்டும். மிக்சர் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. சட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவள் முகத்தில் வியர்வை சிமென்டோடு சேர்ந்து வழிந்தது. சட்டியைத் தரும்போதெல்லாம் என் கண்ணைப் பார்த்து முறைத்தாள். வாங்குவதில் நான் ஒரு கணம் தாமதித்தால் கெட்ட வார்த்தை சொல்வது உதட்டசைவில் தெரியும்.

வெயில் ஏறிய நேரம். நான் கையை நீட்டினேன். சட்டி என் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அக்காவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, அவளுக்குச் சொந்தமில்லாத விரல்கள் மாதிரி. நான் எட்டிப் பிடிப்பதற்குள் சட்டி போய்விட்டது.

கீழே மேஸ்திரி அண்ணாந்து கத்திக்கொண்டு நின்றார். சட்டி விளிம்பு காதைக் கிழித்துக்கொண்டு தோளில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் மிக்சர் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. உண்மையில் கேட்டிருக்க முடியாது. ஆனால் எனக்குக் கேட்டது. அவர் கலவைக்குள்ளேயே விழுந்தார். சாம்பல் நிறக் கலவையில் ரத்தம் கோடு கோடாக ஓடியது.

மேஸ்திரியின் மச்சினன் சாரத்தில் தாவி ஏறினான். அக்காவின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் சாரக் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். விடவில்லை. அவன் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மணல் மேட்டில் விழுந்தார்கள். அவன் எழுந்தான். அவள் எழவில்லை. விழுந்து கிடந்தவளை அவன் வயிற்றிலும் முதுகிலும் மிதித்தான். நான் இறங்கி ஓடி அவனைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"நேத்தே சொன்னாள்ல, போடுவேன்னு! சொல்லிட்டே போட்டுட்டா!" என்று அவன் அலறினான்.

"மாப்ள, விடு மாப்ள, அவுகளுக்கு இடுப்பு..." என்று நான் ஆரம்பித்தேன்.

வாயில் மணல் வந்து விழுந்தது. படுத்தபடியே ஒரு கை மணலை அள்ளி அக்கா என் வாயில் அடித்திருந்தாள். நான் துப்பித் தீர்வதற்குள் அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆமாடா. வேணும்னுதான் போட்டேன். தப்பிச்சிட்டான். இன்னொரு சட்டி குடு, சரியாப் போடுறேன்."

போலீஸ் வந்தபோதும் அதையேதான் சொன்னாள். இரண்டு பெண் காவலர்கள் கைத்தாங்கலாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அடிபட்டதால் நடக்க முடியவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

மேஸ்திரி பெரியாஸ்பத்திரியில் இருந்தார். காறை எலும்பு முறிவு, தோள்மூட்டு நழுவல். சாட்சி என்பதால் என்னையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் நான் போனபோது ஒரு பெண் காவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்தம்மாவுக்கு என்ன செய்யுது? தரையில உக்காருன்னு சொன்னேன், உக்காந்தா. எந்திரின்னு கையப் புடிச்சு இழுத்தேன், ஒரு சத்தம் போட்டா பாரு, ஸ்டேஷனே எந்திரிச்சு நின்னுருச்சு" என்றார். நான் மணலின் ருசியை நினைத்துக்கொண்டு தெரியாது என்றேன். அவர் விடவில்லை. அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற வட்டு இரண்டு இடத்தில் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது, பல வருஷமாக இருக்கிறது, இதோடு எப்படி வேலை பார்த்தாள் என்று டாக்டரே கேட்டாராம்.

அதை மேஸ்திரியிடம் போய்ச் சொன்னது அந்தக் காவலர்தான். கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, மச்சினனைக் கூட்டாமல், மேஸ்திரி ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் இருந்தேன். இன்ஸ்பெக்டர் முன்னால், "கை தவறி விழுந்தது சார். இவ மேல தப்பில்ல. கேசு வேணாம்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லத்தா" என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து அவரிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் நான்கூட நினைத்தேன். உடையாத பக்கமாகப் பார்த்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"யாருடா ஒன்கிட்ட நாயம் கேட்டா?" என்றாள். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவளுக்கு வேலை குடுப்பீங்கடா. பயந்துக்கிட்டாவது குடுப்பீங்க. இடுப்பு போனவளுக்கு எவன் குடுப்பான்? நீ குடுப்பியா? சொல்லு, நீ குடுப்பியா?"

இன்ஸ்பெக்டர் லத்தியை ஓங்கினார். மேஸ்திரி நல்ல கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவள் சொன்னதுதான் நடந்தது. கேசு இல்லாமல் வெளியே வந்தாள். இடுப்பு விஷயம் அவளுக்கு முன்னாலேயே ரவுண்டானாவுக்கு வந்திருந்தது. அவள் காலையில் வந்து நிற்பாள். வண்டிகள் வரும், ஆட்கள் ஏறுவார்கள், அவளைத் தாண்டிப் போவார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை. எல்லாரும் அன்பாகப் பேசினார்கள். "வீட்ல இருந்து ரெஸ்ட் எடுக்கா." "பாத்துக்கா, ஒடம்பு முக்கியம்க்கா." டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்து அவள் பின்னால் போட்டார். அதைத் தூக்கி அவர் கடைக் கண்ணாடிப் பாட்டில்களின் மேலேயே எறிந்தாள். பன்னும் பிஸ்கட்டும் ரோட்டில் சிதறின. முன்பென்றால் சுற்றி நிற்பவர்கள் பயந்திருப்பார்கள். இப்போது பாவம் என்றார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மகளுக்கு விடுதிப் பணம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் அடித்து உடைத்து வாழ்ந்தவளுக்கு அந்தப் பரிதாபத்தை எதைக் கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை.

மேஸ்திரி திரும்ப வேலைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோள் கூடியிருந்தது, ஆனால் கை தலைக்கு மேலே எழும்பாது. குட்டி வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே ஆட்களைக் கூப்பிட்டார். நான் பின்னால் ஏறிவிட்டேன். வண்டி நகரும்போது அக்கா குறுக்கே வந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் சக்கரத்துக்கு முன்னால், தார் ரோட்டில், மல்லாந்து படுத்தாள்.

"ஏத்திட்டுப் போங்கடா" என்றாள்.

மேஸ்திரி இறங்கினார். "எந்திரித்தா. என்ன இது, ஊரே பாக்குது."

"ஒன் கை தூக்க வருதா? கரண்டி புடிக்க முடியுமா ஒன்னால? நீ இன்னும் மேஸ்திரிதான? என்னிய மட்டும் எதுக்குடா குப்பையில போட்ட?"

பஸ்கள் நின்றன. ஆட்டோக்காரர்கள் கத்தினார்கள். ஒரு பஸ் கண்டக்டர் வந்து அவள் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். மணிக்கட்டைக் கடித்தாள், அவன் உதறிக்கொண்டு ஓடினான். இரண்டு சித்தாள்கள் தூக்க வந்தார்கள். "தொட்டீங்க, கொன்னுருவேன்" என்றாள்.

பிறகு அவளாக எழ ஆரம்பித்தாள். நான் வண்டியின் மேலிருந்து பார்த்தேன். முதலில் ஒரு பக்கமாக உருண்டாள். ஒரு முழங்காலை மடக்கினாள். கையை ஊன்றினாள், அது வழுக்கியது, முகம் ரோட்டில் மோதியது. உதடு கிழிந்தது. மறுபடியும் ஊன்றினாள். நாலு காலில் நின்றாள், மூச்சு வாங்கினாள். வண்டியின் பம்பரைப் பிடித்தாள். விரல் விரலாக மேலே வந்தாள். ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள், குனிந்தும் இல்லாமல் நிமிர்ந்தும் இல்லாமல். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடியது. ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் அடித்தும் கடித்தும் மறைத்து வைத்திருந்ததை, மதுரையின் காலை நேரத்து ரோட்டில், அவ்வளவு பேருக்கும் அவளே காட்டினாள்.

நிமிர்ந்த பிறகு உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துட்டீங்களா? இம்புட்டுத்தான். குனிய முடியாது, திருக முடியாது. நிப்பேன், கத்துவேன், மெசின் ஓட்டுவேன். மிக்சர் மெசின் எங்கிட்ட குடு."

"பொம்பளையாள்லாம் அதுல நின்னதில்லத்தா."

"நான் நிக்கிறேன்."

மேஸ்திரி வண்டியின் முன்கதவைத் திறந்து தன் சீட்டை அவளுக்கு விட்டார். அவர் எங்களோடு பின்னால் ஏறினார். ஒரு கையால் ஏற முடியாமல் தடுமாறியவரை நான்தான் தூக்கிவிட்டேன்.

மிக்சரில் அவள் சில வருஷம் நின்றாள். நன்றாகவே ஓட்டினாள். கலவை பதம் தவறினால் யார் என்றுகூடப் பார்க்காமல் அடிப்பது மட்டும் மாறவில்லை. பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. இயந்திரத்தின் அதிர்வு இடுப்புக்கு ஏறுகிறது என்றாள். சொன்னாள் என்பதுதான் விசேஷம். ஒருநாள் காலையில் மேஸ்திரியிடம் நேராகச் சொல்லிவிட்டு, திட்டிவிட்டு, போய்விட்டாள்.

பல வருஷம் கழித்து, போன வருஷம், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஒரு பெஞ்சைச் சுற்றிக் கூட்டம். ஒரு கிழவி பெஞ்சு முழுக்க நீட்டிப் படுத்துக்கொண்டு இடம் விடமாட்டேன் என்கிறாள் என்றார்கள். எட்டிப் பார்த்தேன். அக்காதான். முடி முழுக்க வெளுத்திருந்தது. மை அடிக்கவில்லை. பெட்டியும் கையுமாக நின்ற ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தார்.

"மூணு பேரு உக்கார்ற எடத்துல ஒரு ஆளு படுத்துக் கெடந்தா எப்படிம்மா?"

"மூணு ஆளு சொமையச் சொமந்துருக்கேன்" என்று படுத்தபடியே சொன்னாள் அக்கா. "மூணு ஆளு எடம் எனக்குத்தான். போடா அங்கிட்டு."